தெற்கே பார்த்து நிறுத்திய வேன்

பாபநாசத்தில் வேனை எந்தத் திசை பார்த்து நிறுத்துவது என்பதில்தான் எனக்கும் கோமதிக்கும் முதல் பேச்சு வந்தது. வேனின் கதவு இடது பக்கம் இருக்கிறது. வண்டியின் முகம் தெற்கே இருந்தால் கதவு கிழக்கே பார்க்கும். கிழக்கு வாசல் வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் படித்துறைக்குப் போகிற வழியைக் கொஞ்ச நேரம் அடைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் எடுத்து, தெற்கே பார்த்து நிறுத்தினேன். டீக்கடைக்காரர் ஒருவர் கடையை விட்டு இறங்கி வந்து, "பைய வாங்க அண்ணாச்சி, ஓடையில இறக்கிராதீய" என்று கையைக் காட்டிக்கொண்டே நின்றார்.

எல்லாம் முடிந்து நான் இறங்கியதும் கோமதி சொன்னாள். "வேனுக்கு வாசல் எந்தப் பக்கம் இருந்தா என்ன? காலையில வேற பக்கம் பாத்துப் போகத்தானே போவுது."

மறுநாள் கதவைத் திறந்ததும் வெயில் நேராகக் கட்டில்வரை வந்தது. மலையில் சாரல் விழுந்துகொண்டிருந்ததால் காலை நேரத்தில் நன்றாகவே குளிர்ந்தது. அவள் காலை மட்டும் வெயிலில் நீட்டிக்கொண்டாள். காலில் செருப்பு இருந்தது.

நாங்கள் கிளம்பியது மகளுக்காக. முத்துவை ஏரலில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு ஏழாம் மாதம். ஆவணி பிறந்ததும் வளைகாப்பு. ஆற்றங்கரை ஊர்களில் இருக்கிற சொந்தக்காரர்களை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். முதல் தாம்பூலம் பாபநாசத்தில் சாமிக்கு, கடைசியில் ஏரலில் சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து வளைகாப்புக்கு நாள் குறிப்பது என்று வைத்துக்கொண்டோம். ஆறு போகிற திசையிலேயே நாங்களும் போனோம்.

இன்னொரு காரணமும் இருந்தது. பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருக்கிற வாடகை வீட்டை வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போகிறார். ஆடியோடு காலி செய்துவிட வேண்டும். நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டினேன். வண்டிக்கு வயசாகிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் அதைக் கழித்துவிட்டபோது நானே வாங்கினேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் கட்டில் போட்டேன். நடுவில் அடுப்பு மேடை, பாத்திர அலமாரி, கூரையில் தண்ணீர் டிரம். வண்டித் தாள்களுக்காக அலைந்ததை இங்கே எழுதப் போவதில்லை. பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நிற்கிற கூரைக் கம்பியை மட்டும் நான் எடுக்கவில்லை. எல்.கே.ஜி. பிள்ளைகள் ஏறுவதற்காகக் கதவுக்குக் கீழே கூடுதலாக வைத்திருந்த தாழ்ந்த படியையும் விட்டுவிட்டேன்.

இதிலேயே குடியிருந்துவிடலாம் என்பது என் எண்ணம். கோமதி முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஏரல் போய்ச் சேருவதற்குள் சொல்வதாகச் சொன்னாள். அவள் வேண்டாம் என்றால் வேனை வாங்கிக்கொள்ள ஆள் தயாராக இருந்தது. கங்கைகொண்டானில் ஆலை வாசலில் டிபன் கடை போடுவதற்கு ஒரு அண்ணாச்சி வண்டி தேடிக்கொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் போன் பண்ணுவார். நான் "சொல்லுதேன் அண்ணாச்சி" என்பேன்.

கிளம்புவதற்கு முன்னால், பால் காய்ச்சிவிட்டுப் போவோமா என்று கோமதியிடம் கேட்டேன். "பஸ்ஸுக்கு யாராச்சும் பால் காய்ச்சுவாளா?" என்றாள்.

அவள் அதை வீடாக நினைக்கவில்லை என்பது அவள் வாயைவிடக் காலில்தான் நன்றாகத் தெரிந்தது. வாடகை வீட்டில் சிலிண்டர் தூக்கி வருகிறவரைக்கூட, செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்வாள். இங்கே செருப்போடு ஏறினாள். கட்டிலில் உட்கார்ந்து, செருப்புக் காலை ஆட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். பஸ்ஸில் வெளியூர் போகிறவர்கள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

பாபநாசத்தில் குளிக்க வந்தவர்கள் வேனைச் சுற்றி நின்று பார்த்தார்கள். உள்ளே பார்க்கலாமா என்று ஒரு குடும்பம் கேட்டது. அவர்கள் பின்னால் இன்னொரு குடும்பம் நின்றது. எனக்கு முன்பின் தெரியாதவர்களோடு பேச வராது. டயரைப் பார்க்கிறவன்போல் குனிந்துகொண்டேன். கோமதிதான் கதவு பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் காட்டினாள். குரங்குகள் கூரையில் ஏறி டிரம் மூடியைத் திறக்கப் பார்த்தன. டீக்கடைக்காரர் கல்லை எடுத்து ஓங்கினார், எறியவில்லை. அந்த ஊர்க் குரங்குகளுக்கு அது தெரிந்திருந்தது.

கல்லிடைக்குறிச்சியில் கோமதியின் அண்ணன் வீடு. அவர் இருக்கிற தெரு ரொம்பக் குறுகல். வேன் போகும் என்று கணக்குப் போட்டுத்தான் நுழைந்தேன். போனது. கூரையில் டிரம் இருப்பதை நான் மறந்துவிட்டேன். இரண்டு மாடிகளுக்கு நடுவே கட்டியிருந்த துணிக்கொடி டிரம்மில் மாட்டி, கொடியும் வேட்டிகளும் எங்களோடு தெருக்கோடி வரைக்கும் வந்தன. பின்னால் ஒருவர் துண்டோடு ஓடி வந்தார். கோமதி இறங்கி அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்டி எதுவும் கிழியவில்லை. அவரே கடைசியில், "கஞ்சி போட்டது, அதான் தாங்கிட்டு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மச்சான் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். வேனைச் சுற்றி வந்து, ஒவ்வொரு டயரையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் பஞ்சர் ஆனால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டுமா, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டுமா என்று கேட்டார். தீபாவளிக்கு எந்த ஊர் ஸ்டாண்டுக்கு வந்தால் பலகாரம் கிடைக்கும் என்றார். மச்சான் வீட்டம்மா சோறு போட்டார். பருப்புக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். அந்த ஊர் அப்பளத்தை இலையின் ஓரத்தில் அடுக்கி வைத்தார். வளைகாப்பு என்று சொன்னதும் மச்சான் இலையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"எல்லாம் சரி வே மாப்ள. வளைகாப்பு முடிஞ்சு பிள்ளைய எங்க கூட்டிட்டு வருவீரு? முதப் பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்கு வரணும்லா. தாய்வீடு எந்த ஸ்டாண்டுல நிக்கும்?"

கோமதி சொன்னாள்: "அவ்வளவு விசாரம்னா நீதான் சொல்லேன் அண்ணே, மாடி ரூம்பு சும்மாத்தானே கெடக்கு, பிள்ளைய இங்கன கொண்டாங்கன்னு."

மச்சான் ஒரு அப்பளத்தை எடுத்து நொறுக்கினார். பேச்சு மழை பக்கம் போய்விட்டது.

ஊர் தாண்டிய பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். அண்ணன் கேட்ட விதம்தான் பிடிக்கவில்லை, கேட்டது தப்பில்லை என்று. ஆஸ்பத்திரியில் பெற்றாலும், பிள்ளையோடு வந்து மூன்று மாதம் படுத்திருக்கத் தாய்வீடு வேண்டாமா, நாலு சுவர் இல்லாத இடத்துக்கு எப்படி மகளைக் கூப்பிடுவது என்று கேட்டாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வயலில் நாற்று பச்சையாக நின்றது. ஆடிக்காற்று வேனைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளியது.

அம்பாசமுத்திரம் தாண்டி ஒரு இடத்தில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். தாள்களையெல்லாம் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "இது என்ன?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் வீட்டில் பதில் சொல்லிப் பழகி வைத்திருந்தேன். "வீடு சார்" என்றேன். அதே நேரத்தில் உள்ளே இருந்து கோமதி "வண்டி சார்" என்றாள். போலீஸ்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேசி முடிவு பண்ணிட்டுப் பைய போங்க" என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

முக்கூடலுக்கு முன்னால், ரோட்டோரம் ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நீல பெயின்ட் அடித்த பிறகும் எங்கள் வேனைப் பார்க்கிறவர்களுக்கு அது ஆள் ஏற்றுகிற வண்டியாகத்தான் தெரிகிறது. தலையில் பெரிய தட்டு, அதன்மேல் துணி மூடியிருந்தது. சுற்றிய பீடியைக் கடையில் போடக் கொண்டு போகிறாள். வெயிலில் நிற்கிறாளே, நிறுத்துங்கள் என்று கோமதி சொன்னாள். நிறுத்தினேன். தட்டை முதலில் உள்ளே வைத்தாள். பிறகு ஏறித் தரையில் உட்கார்ந்தாள். நான் வண்டியை எடுத்தேன்.

அவள் பெயர் பேச்சியம்மா. கண்ணாடியில் பார்த்தேன். அவள் தலையைத் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு, கட்டில், சாமி படம், கம்பியில் காய்கிற துணி.

"எல்லாம் இருக்கேக்கா. உங்களுக்கு எந்த ஊருல வீடு?"

"பாளையங்கோட்டை."

"அப்ப இது?"

கோமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேச்சியம்மாவும் விடவில்லை. தன் வீடு ரோட்டைவிடப் பள்ளத்தில் இருப்பதையும், மழை பெய்தால் பீடி இலையைக் கட்டிலில் ஏற்றி வைத்துவிட்டுத் தாங்கள் நின்றுகொண்டிருப்பதையும், சிரித்துக்கொண்டே சொன்னாள். பீடிக்கடை வாசலில் வேனை நிறுத்தியதும் எழுந்தாள். படியில் காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏ யம்மா, என் செருப்பு."

ஏறின இடத்திலேயே ரோட்டோரம் கழற்றிப் போட்டுவிட்டு ஏறியிருக்கிறாள். வேன் கிளம்பிவிட்டது. செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. கோமதி சிரித்தாள். வீட்டுக்காரர் வந்து காலி செய்யச் சொன்ன நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"வேன்ல ஏறுதவா செருப்பைக் கழத்திப் போட்டுட்டா வருவா?"

"அடுப்பு இருக்க இடத்துக்குள்ள எப்படிக்கா செருப்போட ஏறுதது? எனக்குக் கால் வரலையே" என்றாள் பேச்சியம்மா.

கோமதி தன் காலைக் கட்டிலுக்கு அடியில் பைய இழுத்துக்கொண்டாள். நான் கண்ணாடியில் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

பீடியைப் போட்டுவிட்டு வந்தவளை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனோம். ஒரு செருப்பு ரோட்டோரம் கிடந்தது. இன்னொன்றைப் புளியமரத்தடியில் ஒரு நாய் முன்னங்காலுக்கு நடுவில் வைத்துப் படுத்திருந்தது. "ஏலே, அது ஒனக்கு எதுக்குலே, குடுத்துரு" என்று பேச்சியம்மா ரொம்ப நேரம் அதனோடு பேசினாள். கோமதி ஒரு ரொட்டித் துண்டைப் போட்டதும் வியாபாரம் முடிந்தது. பேச்சியம்மா விடாமல் எங்களைத் தன் வீட்டு வாசல்வரை கூட்டிப் போய் ஒரு கட்டு முருங்கைக்கீரை ஒடித்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் ஆற்றங்கரையில் தங்கினோம். வழக்கம்போலத் தெற்கே பார்த்து நிறுத்தினேன். கதவைத் திறந்தால் எதிரே ஆட்டுத்தொழுவம். கோமதி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இங்கன அப்படியே திருப்பி நிறுத்துங்க. ஆறு மேக்கல்லா தெரியுது" என்றாள். திருப்பினேன். இப்போது வாசலில் ஆறு. பாளையங்கோட்டை வீட்டில் எதிர்வீட்டுக் கழிவுநீர்க் குழாய் எங்கள் வாசலைப் பார்த்துத்தான் திறக்கும். எத்தனையோ வருஷம் அதைப் பார்த்துக்கொண்டுதான் காப்பி குடித்திருக்கிறோம். அந்த வீட்டைத் திருப்பி வைக்க முடிந்ததில்லை.

வெளியே கல் கூட்டி உளுந்தஞ்சோறு பொங்கினாள். எள்ளுத் துவையலும் முருங்கைக்கீரையும் இருந்தன. ஆற்றில் மாடு குளிப்பாட்டிவிட்டுப் போன ஒருவர் வாசனை பிடித்து நின்றார். அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே, இந்த வேனில் மழைச் சத்தம் பெரிதாகக் கேட்குமா என்று கேட்டார். கேட்கும் என்றேன். "அது நல்லாருக்கும்லா" என்றார் அவர். அதற்குமேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அந்த மாதிரி ஆட்களோடுதான் சரிப்படுகிறது.

அடுத்த நாள் எங்கள் ஊருக்குள்ளேயே போக வேண்டியிருந்தது. பாலத்தில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. அரிசிப் பையும் மாற்றுச் சேலையும் எடுக்க வீட்டுக்குப் போனோம். எங்கள் தெருவில் நானே விருந்தாளிபோல ஓரமாக வேனை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோமதி மட்டும் உள்ளே போனாள். வரும்போது சாமான்களோடு தேதி காலண்டரையும் கொண்டு வந்தாள். அந்த வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது. சுவர் பெயர்ந்துவிடும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். காலண்டர் எப்போதும் ஜன்னல் கம்பியில்தான் தொங்கும். காற்றடித்தால் தேதி தெரியாது.

"இதுல ஆணி அடிக்கலாமா?" என்று கேட்டாள்.

"அடி."

"எங்கன வேணும்னாலுமா?"

"எங்கன வேணும்னாலும்."

சுத்தியலை எடுத்துக் கொடுத்தேன். மரப்பலகை வைத்த பக்கச் சுவரில் இடம் பார்த்தாள். கொஞ்சம் இடது, கொஞ்சம் மேலே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது நேராக இறங்கியது. காலண்டரை மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு இன்னொரு ஆணி கேட்டாள். அதில் மாட்ட அவளிடம் எதுவும் இல்லை. "கெடக்கட்டும்" என்றாள். அதற்குள் கங்கைகொண்டான் அண்ணாச்சியின் போன் வந்தது. அடுப்பு மேடையின் அகலம் கேட்டார். சொன்னேன். தோசைக்கல் வைக்கக் காணாது என்று வருத்தப்பட்டார்.

ஸ்ரீவைகுண்டம் பக்கம் போகப் போக ஆறு அகலமாகிக்கொண்டே வந்தது. வாழைத்தோட்டங்களுக்குள் ஒரு வண்டிப்பாதை இறங்கியது. கரையில் ஒரு புங்கமரம். ஈரமண். நான் நிறுத்துவதற்கு முன்னாலேயே அவள் சொன்னாள். "தெற்கே பாத்து நிறுத்துங்க. இங்கன கிழக்க வெட்டவெளியா இருக்கு."

நான் கண்ணாடியைப் பார்க்காமல் நிறுத்தி முடித்தேன். பார்த்திருந்தால் அவள் வேறு பக்கம் திரும்பியிருப்பாள்.

காலையில் அவள் ஆற்றில் குளித்துவிட்டு வந்தாள். ஈரச்சேலையைக் கூரைக் கம்பியில் போட்டாள். தாழ்ந்த படியில் உட்கார்ந்து, வெயிலைப் பார்த்துத் தலையைத் துவட்டினாள். நான் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். தம்ளரை உள்ளே வைத்துவிட்டு, "போவோமா?" என்றாள். புறப்படுவதற்கு முன்னால் நான் பார்க்கிற வேலைகள் இருக்கின்றன. சிலிண்டரை மூட வேண்டும். பாத்திர அலமாரிக்குக் கொண்டி போட வேண்டும். தண்ணீர்க் குழாய் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் பார்த்தேன். கதவுக்கு வெளியே தரையைப் பார்க்கிற பழக்கம் எந்த டிரைவருக்கும் கிடையாது.

ஏரலுக்கு உச்சிவெயிலில் போய்ச் சேர்ந்தோம். சம்பந்தியம்மா ஆவுடையம்மா வாசலுக்கு வந்துவிட்டார். பின்னால் முத்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் வண்டியை அணைத்தேன். கோமதி இறங்கவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அடுப்பு மேடைக்குக் கீழே பார்த்தாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். பிறகு தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. நிழலுக்கு ஓடினாள்.

சம்பந்தியம்மாவின் கண் எல்லோர் காலையும்தான் முதலில் பார்க்கும். "என்ன மதினி, வெறுங்காலோட வாரிய? செருப்பு எங்க?"

கோமதி என்னைப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள்.

"வீட்டு வாசல்ல கழத்திப் போட்டேன் மதினி. வீடு கெளம்பிட்டு."

சம்பந்தியம்மாவுக்குப் புரியவில்லை. முத்துவுக்குப் புரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் குனிந்து டயரைப் பார்த்தேன். டயரில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே குனிந்திருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு நாள் குறித்ததும் பேச்சு அங்கேதான் வந்தது. வளைகாப்பு முடிந்து பிள்ளையை எங்கே அனுப்புவது என்று சம்பந்தியம்மா நேராகவே கேட்டார். அவர் சாய்ந்திருந்த சுவரில், அவர் தலைக்கும் மேலே, பழுப்பாக ஒரு கோடு ஓடியது. வெள்ளம் வந்த வருஷம் தண்ணீர் நின்ற உயரம் அது. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. கோமதி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே, அனுப்ப வேண்டாம், தாய்வீடு இங்கே வந்து நிற்கும் என்றாள்.

சம்பந்தியம்மா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தகரம் சுடுமே, கைப்பிள்ளை தாங்குமா என்றார். கூரைக்கு மேல் ஓலை வேய்ந்துவிடலாம் என்றேன். அந்த வீட்டில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க வேண்டும், பகலில் பிள்ளையை இந்த வீட்டு உள்ளறையில் போட்டுக்கொள்ளலாம் என்று கோமதி அடுக்கினாள். இதையெல்லாம் எப்போது யோசித்து வைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. சம்பந்தியம்மா எழுந்து, வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையைக் காட்டினார். வேப்பமரம், கிணறு, நல்ல நிழல். பிறகு சுவர்க் கோட்டில் விரலை வைத்தார்.

"அன்னைக்குத் தண்ணி வந்தப்போ நாங்க மாடி வீட்டுல நின்னு இந்த வீட்டைப் பாத்துக்கிட்டே இருந்தோம். இது நின்ன இடத்துலயே நின்னுச்சு. உங்க வீடுன்னா கெளம்பியிருக்கும்லா."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ஆனா ஒண்ணு மதினி. என் மனையில நிப்பாட்டுனா நான்தான் வீட்டுக்காரி. வாடகை கேப்பேன்."

"குடுத்தாப் போச்சு. ஆணி அடிக்க விடுவியளா?" என்றாள் கோமதி.

முத்து வேனைப் பார்க்க வந்தாள். அந்தத் தாழ்ந்த படி அவளுக்குச் சரியாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைப் பிடித்து, பைய ஏறினாள். கட்டிலில் படுத்துப் பார்த்தாள். கோமதி கூரைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கினாள்.

"தொட்டில் கட்டினாத் தாங்குமா?"

"ஒரு பள்ளிக்கூடமே தொங்கின கம்பி அது" என்றேன்.

அப்போதுதான் போன் அடித்தது. வழக்கமான நேரம், வழக்கமான ஆள். நான் எடுக்கத் தயங்கினேன். கோமதி என் கையிலிருந்து வாங்கினாள்.

"விக்கதுக்கு இல்ல அண்ணாச்சி. அதுல ஆள் குடியிருக்கு."

வெயில் தாழ்ந்ததும் ஸ்ரீவைகுண்டத்துக்குத் திரும்பினோம். சம்பந்தியம்மா தன்னுடைய புதுச் செருப்பைக் கொடுத்துப் பார்த்தார். பழசுதான், ஆனால் கால் அதற்குத்தான் பழகியிருக்கிறது என்று கோமதி வாங்கவில்லை. வழியில் ஏதாவது நாய் தூக்கியிருக்குமோ என்று ஒரு தடவை மட்டும் கேட்டாள்.

வாழைத்தோட்டத்து வண்டிப்பாதையில் இறங்கியபோது தூரத்திலேயே தெரிந்தது. புங்கமரத்துக்குப் பக்கத்தில், வெட்டவெளியில், இரண்டு செருப்பும் ஜோடியாக இருந்தன. ஒரு வாழைச் சருகு மட்டும் மேலே விழுந்திருந்தது. சுற்றிலும் ஒன்றுமே இல்லாத இடத்தில் யாரோ வீட்டுக்குள் போனதுபோல இருந்தது.

இறங்கி எடுத்து வரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அங்கன கொண்டு போய் நிறுத்துங்க" என்றாள்.

ஈரமண்ணில் காலையில் பதிந்த டயர்த் தடம் இன்னும் இருந்தது. முன்னும் பின்னும் எடுத்து, அந்தத் தடத்தின்மேலேயே சக்கரத்தை ஏற்றி, தெற்கே பார்த்து நிறுத்தினேன். கோமதி எழுந்து கதவைத் திறந்தாள். தாழ்ந்த படியில் நின்றுகொண்டு, கீழே பார்க்காமலே காலை விட்டாள். செருப்பு அங்கே இருந்தது.